ஐ.பி. மனுவுக்கு முன் நான் எழுதிய 23 பெயர்கள்

2023 டிசம்பர் 17ஆம் தேதி தொடங்கி மறுநாளும் விடாமல் பெய்த மழையில் தாமிரபரணி கரை கடந்து வந்து, திருநெல்வேலி ஜங்ஷனில் நான் 19 ஆண்டுகள் நடத்திய மொத்த நோட்டுப் புத்தகக் கடைக்குள் நெஞ்சளவு நின்றது. அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளிகள் திறக்கும்போது அனுப்புவதற்காக வாங்கி அடுக்கியிருந்த சரக்கு முழுவதும் நனைந்து, ஊறி, பெருத்து, கட்டுகள் தாமாகவே வெடித்துக் கிடந்தன. கேட்பவர்கள் எல்லாரிடமும் வெள்ளத்தால் நொடித்தேன் என்று சொல்லிவிட்டால் அது பாதி உண்மையாகத்தான் இருக்கும். 2020இலும் 2021இலும் பள்ளிகள் பூட்டிக் கிடந்த மாதங்களில், நோட்டு விற்காமல் வாடகையும் வட்டியும் மட்டும் ஓடிக்கொண்டிருந்தபோதே நான் கடனை அடைக்கக் கடன் வாங்கத் தொடங்கிவிட்டேன். வெள்ளம் வந்த அன்று கடையின் காப்பீடும் உயிரோடு இல்லை. பிரீமியம் கட்ட வைத்திருந்த பணத்தை வட்டிக்குக் கொடுத்திருந்தேன்.

ஐ.பி. மனு, அதாவது கடனை அடைக்க முடியவில்லை என்று நீதிமன்றத்தில் கொடுக்கும் நொடிப்பு மனு (இன்சால்வென்சி பெட்டிஷன்), கொடுப்பதென்று முடிவெடுத்ததிலிருந்து அது நீதிமன்றத்தில் எண் பெற்றது வரையிலான காலத்தைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். அந்த நிலையில் இன்று நின்றுகொண்டிருக்கும் ஒருவருக்காவது இது பயன்படும் என்று நம்புகிறேன். நான் வக்கீல் இல்லை. ஒவ்வொருவரின் வழக்கும் வேறு என்பதால், இதைப் படித்துவிட்டு ஒரு வக்கீலைப் பார்க்காமல் எதையும் செய்துவிட வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் ஐ.பி. கொடுத்துவிட்டால் 'மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டான்' என்று சொல்வார்கள். அந்தச் சொல்லுக்குள் இரண்டு எண்ணங்கள் ஒளிந்திருக்கின்றன. அப்படிக் கொடுத்தவன் ஏமாற்றுக்காரன் என்பது ஒன்று, ஒரு காகிதத்தை நீட்டியதும் கடன் முழுவதும் தொலைந்துவிடும் என்பது மற்றொன்று. நானும் இந்த இரண்டையும் நம்பிக்கொண்டுதான் 2024 ஆகஸ்டில் பாளையங்கோட்டையில் ஒரு வக்கீலின் அலுவலகப் படியேறினேன். என்னைவிட வயதில் இளையவரான அவர் நான் சொன்னதையெல்லாம் கேட்டு முடித்துவிட்டு, "அண்ணாச்சி, இது கடன் தள்ளுபடி இல்ல. உங்க கிட்ட இருக்கதையெல்லாம் கோர்ட்டு கையில ஒப்படைச்சுட்டு, இவ்வளவுதான் இருக்கு, எல்லாருக்கும் பங்கு வச்சுக் கொடுங்கன்னு கேக்கது. அதுக்கு மனசு இருந்தா மட்டும் அடுத்த வாரம் வாங்க" என்றார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் அதை அப்படியே சொன்னேன். அன்று இரவு நாங்கள் இருவரும் சாப்பிடவில்லை.

எந்தச் சட்டம் நமக்குப் பொருந்தும் என்பதில் எனக்கு இருந்த குழப்பம் பலருக்கும் இருக்கும். கைப்பேசியில் தேடிப் படித்தபோது 2016ஆம் ஆண்டின் திவால் சட்டம், 180 நாள் இடைக்காலத் தடை, கடன் மீட்புத் தீர்ப்பாயம் என்றெல்லாம் வந்தன. தனிநபர்களுக்கான அந்தச் சட்டத்தின் பகுதி, கம்பெனிகளின் கடனுக்குத் தனிப்பட்ட ஜாமீன் கொடுத்தவர்கள் அளவில் மட்டுமே 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. என்னைப் போன்ற சாதாரணக் கடைக்காரருக்கு 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டமே பொருந்தும் என்று வக்கீல் விளக்கினார். சென்னை நகரத்துக்கு 1909ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக உண்டு. நமக்கு மனு போகுமிடம் சப் கோர்ட், அதாவது சார்பு நீதிமன்றம். கடன் 500 ரூபாய் இருந்தாலே மனுச் செய்யலாம் என்று அந்தப் பழைய சட்டத்தில் எழுதியிருக்கிறது. ஆனால் கடனை அடைக்க இயலவில்லை என்பதை முதல் பார்வைக்காவது நீதிமன்றம் ஏற்கும்படி காட்ட வேண்டும்.

அடுத்த வாரம் போனபோது வக்கீல் என் கையில் எதையும் கொடுக்கவில்லை. கடன் கொடுத்தவர்களின் பெயர், தகப்பனார் பெயர், கதவு எண்ணுடன் முகவரி, வாங்கிய தேதி, அசல், இன்று வரையுள்ள வட்டி, அதற்கு எழுதிக் கொடுத்த பத்திரம் என்ன என்று ஒருவர் விடாமல் எழுதி வரச் சொன்னார். இதை ஒரு மாலையில் முடித்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். எனக்கு ஐந்து வாரம் ஆயிற்று.

ஏன் அவ்வளவு நாள் என்றால், என் கடன் எவ்வளவு என்பது எனக்கே தெரியாமல் இருந்தது. யாராவது கேட்டால் 45 லட்சம் இருக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தால், பல மாதங்களுக்கு முன் மனத்துக்குள் ஒருமுறை கூட்டிப் பார்த்த அசல் அது. அதன் பிறகு ஏறிய வட்டியை நான் கூட்டத் துணியவில்லை. தபாலில் வந்த வங்கிக் கடிதங்களைக் கூடப் பிரிக்காமல் மேசை இழுப்பறையில் போட்டு வைத்திருந்தேன். அவற்றை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவியும் கல்லூரியில் படிக்கும் மகளும் நானும் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தோம். வீட்டின் மேல் வாங்கியிருந்த வங்கிக் கடனுக்கு 60 நாள் கெடு வைத்து வந்த அறிவிப்பு அதற்குள்தான் இருந்தது, கெடு முடிய அப்போது 11 நாள் மட்டுமே பாக்கியிருந்தது. கடிதத்தைப் பிரிக்காமல் வைப்பது என் கடன் வாழ்க்கையில் நான் செய்த பிழைகளிலெல்லாம் பெரிய பிழை என்று இன்று நினைக்கிறேன். அந்த அறிவிப்புக்கு எழுத்தில் ஆட்சேபம் அனுப்பினால் வங்கி 15 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். அந்த வாய்ப்பை அவசர அவசரமாகத்தான் பயன்படுத்த முடிந்தது.

முதலில் நான் எழுதிக் கொண்டுபோன பட்டியலில் 15 பேர் இருந்தார்கள். வீட்டுக்கடன் வங்கி, இரண்டு நிதி நிறுவனங்கள், சரக்குக் கொடுத்த சிவகாசி நோட்டு உற்பத்தியாளர்கள் நான்கு பேர், புரோநோட்டின் மேல் கொடுத்த ஐந்து பேர், ஏலச்சீட்டு, நகைக்கடன் வைத்த கூட்டுறவு வங்கி, ஜி.எஸ்.டி. பாக்கி. வக்கீல் பட்டியலைப் படித்துவிட்டு, "சொந்தக்காரங்க யாரும் தரலியா அண்ணாச்சி?" என்று கேட்டார். ஆறு பேர் கொடுத்திருந்தார்கள். அவர்கள் யாரும் கோர்ட்டுக்குப் போகப் போவதில்லை, அவர்களை ஏன் சந்திக்கு இழுக்க வேண்டும் என்று நான் விட்டிருந்தேன். கடையில் வேலை பார்த்த இருவருக்குப் பாக்கி வைத்திருந்த சம்பளமும் கடன் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவர்களையும் சேர்த்ததும் 23 பேர் ஆனார்கள், தொகை 62 லட்சம் ஆயிற்று. ஒரு பெயரை விட்டால், அது அன்பினால் விட்டதா மறைப்பதற்காக விட்டதா என்று நீதிமன்றத்துக்குத் தெரியாது என்று வக்கீல் சொன்னபோது என்னிடம் பதில் இல்லை. பட்டியலில் இல்லாதவருக்கு அறிவிப்பும் போகாது, கிடைக்கும் பங்கும் போகாது. கையெழுத்து வாங்காமல் கொடுத்த உறவினருக்குத்தான் அந்தப் பட்டியல் அதிகம் வேண்டியிருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

கடன் பட்டியலுக்குச் சமமாகச் சொத்துப் பட்டியலும் எழுத வேண்டும். இந்த இடத்தில்தான் சுற்றியிருப்பவர்களின் ஆலோசனைகள் மழையாகப் பொழியும். கே.டி.சி. நகர்ப் பக்கம் என் பெயரில் மூன்று சென்ட் மனை இருந்தது, மகள் கல்யாணத்துக்கென்று வாங்கிப் போட்டது. மனுப் போடும் முன் அதை மனைவி பெயருக்கோ மகள் பெயருக்கோ தான செட்டில்மென்ட் எழுதிவிடும்படி எனக்குச் சொன்னவர்கள் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள், அனைவரும் என்மேல் உண்மையான அக்கறை உள்ளவர்கள். அந்த ஆலோசனையைக் கேட்டிருந்தால் நான் இன்று வேறு நிலையில் இருந்திருப்பேன். இப்படிப் பிரதிபலன் இல்லாமல் எழுதிக் கொடுத்த பத்திரத்தை, எழுதிய இரண்டு ஆண்டுகளுக்குள் மனு வந்து, நொடித்தவர் என்று நீதிமன்றம் அறிவிக்கும் நொடிப்பு உத்தரவு ஆகுமானால், நீதிமன்றம் ரத்து செய்துவிட முடியும். பத்திரச் செலவும் போகும், நேர்மையும் போகும். கடன் கொடுத்தவர்களை ஏமாற்றும் எண்ணத்தோடு சொத்தை மறைத்தாலோ கணக்குப் புத்தகத்தை அழித்தாலோ ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கும் அதே சட்டத்தில் இடமிருக்கிறது. மனையைப் பட்டியலில் முதல் வரிசையாகவே எழுதினேன். எழுதும்போது மகள் பக்கத்தில் உட்கார்ந்து சர்வே எண்ணைப் பத்திரத்திலிருந்து வாசித்துக் கொடுத்தாள்.

என் தாயார் பெயரில் பாளையங்கால்வாய்ப் பாசனத்தில் எட்டு மரக்கால் விதைப்பாடு வயல் இருக்கிறது. அது என் சொத்து இல்லை என்பதால் பட்டியலில் வராது. ஆனால் நொடிப்பு உத்தரவு ஆன பிறகு, மீதிக் கடனிலிருந்து நீதிமன்றம் தரும் விடுதலை கிடைப்பதற்குள் எனக்கு வாரிசுரிமையாக எது வந்தாலும் அதுவும், சொத்துகளைப் பொறுப்பேற்க நீதிமன்றம் நியமிக்கும் ரிசீவர் கைக்குப் போய்விடும். இதை முன்கூட்டியே தாயாரிடமும் தம்பியிடமும் சொல்லிவிட வேண்டியிருந்தது. "இருக்க வரைக்கும் எனக்கு, அதுக்கப்புறம் சட்டம் என்ன சொல்லுதோ அது" என்று அம்மா முடித்துக்கொண்டார்.

எதைத் தொட மாட்டார்கள் என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் அந்தப் பயத்திலேயே பலர் தவறான காரியங்களைச் செய்துவிடுகிறார்கள். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆவது பிரிவில் ஜப்தி செய்யக்கூடாதவை என்று சொல்லப்பட்டவை இங்கேயும் விலக்குப் பெறும். உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் கருவிகள், மத வழக்கப்படி பெண் கழற்றக்கூடாத நகை, வருங்கால வைப்பு நிதி, ஆயுள் காப்பீட்டுப் பணம், சம்பளத்தில் பெரும்பகுதி ஆகியவை அதில் அடங்கும். மனைவிக்குத் தாய் வீட்டில் போட்ட நகை மனைவியின் சொத்து. ஆனால் நாங்கள் அதைக் கூட்டுறவு வங்கியில் அடகு வைத்துவிட்டோம், அடகு வைத்த பொருளுக்கு இந்தச் சட்டம் காவல் இல்லை.

அதையே கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஐ.பி. கொடுத்தால் எல்லாம் நின்றுவிடும் என்று நம்பி ஏமாறுகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். வீட்டை அடமானமாகப் பிடித்திருக்கும் வங்கி தன் அடமானத்தின் மேல் நடவடிக்கை எடுப்பதை நொடிப்பு உத்தரவு தடுப்பதில்லை. எங்கள் வீடு 2025இல் ஏலத்தில் போயிற்று, நாங்கள் பாளையங்கோட்டையிலேயே ஒரு மாடிப் பகுதியை வாடகைக்குப் பிடித்துக்கொண்டோம். எனக்காக ஜாமீன் கையெழுத்துப் போட்டவரின் பொறுப்பும் என் மனுவால் நீங்குவதில்லை, நான் முழுமையாக விடுதலை பெற்றாலும்கூட அவரைக் கேட்க முடியும். அரசுக்குச் சேர வேண்டிய வரி, மோசடியால் ஏற்பட்ட கடன், ஜீவனாம்சம் ஆகியவற்றிலிருந்தும் விடுதலை இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாகக் காசோலை வழக்கு. சிவகாசி வியாபாரிகளில் இருவருக்கு நான் கொடுத்திருந்த காசோலைகள் திரும்பியிருந்தன. காசோலை திரும்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் அவர்கள் அறிவிப்பு அனுப்பலாம், அறிவிப்பு கிடைத்த 15 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் குற்ற வழக்காகிவிடும், தண்டனை இரண்டாண்டு வரை போகலாம். சப் கோர்ட்டில் ஐ.பி. இருக்கிறது என்பது அங்கே பதில் ஆகாது. அந்த இரண்டு வழக்குகளும் சமரசம் செய்துகொள்ளக்கூடியவை என்பதால், என் மைத்துனர் தம் சொந்தப் பணத்தில் தவணை பேசி மக்கள் நீதிமன்றத்தில் முடித்துக் கொடுத்தார். இப்போது கடன் வாங்கும் நிலையில் உள்ளவர்களிடம் ஒன்றே ஒன்றைக் கெஞ்சிக் கேட்பேன்: தொகை எழுதாத காசோலையில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள்.

இனி நான் சொல்லப்போவது எனக்கு இன்னமும் உறுத்தலாக இருக்கும் விஷயம். வக்கீலைப் பார்ப்பதற்குப் பத்து நாளைக்கு முன், ஜூலைக் கடைசியில், ஒரு பள்ளியிலிருந்து பழைய பாக்கி கொஞ்சம் வசூலாயிற்று. அதில் 50,000 ரூபாயை அக்காள் வீட்டுக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அத்தான் எனக்குக் கொடுத்திருந்தது ஒன்றரை லட்சம், பணி ஓய்வில் வந்த பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தது. அவரிடம் மட்டுமாவது கொஞ்சம் அடைத்துவிட்டு அதன் பிறகு மற்றவர்கள் முகத்தைப் பார்க்கலாம் என்று நினைத்தேன். வங்கிக் கணக்குத் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்த வக்கீல் அந்த எடுப்பைச் சுட்டிக் காட்டி எங்கே போனது என்று கேட்டார். சொன்னேன். மனுத் தாக்கல் செய்வதற்கு முந்தைய மூன்று மாதங்களுக்குள், மற்றவர்களை விட்டு ஒருவருக்கு மட்டும் முன்னுரிமை தரும் எண்ணத்தோடு கொடுத்த பணம் செல்லாது என்று ஆக்கி ரிசீவர் திரும்பக் கேட்க முடியும் என்று அவர் விளக்கினார். அப்படியானால் மூன்று மாதம் கழியட்டும், அதன் பிறகு மனுப் போடலாமே என்று நான் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். கணக்குத் தாளில் அந்த வரி மூன்று மாதம் கழித்தும் இருக்கத்தான் செய்யும் என்றும், அதற்குள் புரோநோட்டுக்காரர்களில் ஒருவர் தீர்ப்பு வாங்கி மனையை ஜப்தி செய்துவிட்டால் மற்ற 22 பேருக்கும் என்ன சொல்வது என்றும் கேட்டார். அந்த 50,000 ரூபாய் மனுவின் ஒரு பத்தியாகவே எழுதப்பட்டது.

அதை அத்தானிடம் போய்ச் சொல்ல வேண்டியது என் வேலை. நீதிமன்ற அறிவிப்பு தபாலில் வந்து அதிலிருந்து அவர் தெரிந்துகொள்வதைவிடக் கொடுமை வேறு இருக்காது என்பதால், மனுவில் கையெழுத்துப் போடும் முன்பே ஆறு உறவினர் வீட்டுக்கும் நானே போனேன். இதைச் சட்டம் கேட்கவில்லை, ஆனாலும் செய்ய வேண்டும் என்பேன். ஒரு வீட்டில் காபி கொடுத்தார்கள், ஒரு வீட்டில் வாசலிலேயே நிற்க வைத்துப் பேசி அனுப்பினார்கள், சித்தப்பா ஒருவர் அன்றிலிருந்து இன்று வரை என்னோடு பேசவில்லை. அத்தான் நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "மாப்ள, கொடுத்த துட்ட கோர்ட்டு திருப்பிக் கேக்குமா? அப்ப நான் என்னல தப்பு பண்ணுனேன்?" என்று கேட்டார். அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. தப்பு என்னுடையது, என் மனச் சமாதானத்துக்காக அவரைச் சிக்கலில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தேன். கடனில் மூழ்குகிறவர் கடைசியாகக் கையில் கிடைக்கும் பணத்தைப் பாசமுள்ளவருக்குக் கொடுப்பது இயல்பான காரியம். தயவு செய்து அதைச் செய்யாதீர்கள், அந்தப் பணத்தை அப்படியே வைத்துக்கொண்டு வக்கீலிடம் போங்கள்.

அதே போல, கட்ட முடியாது என்று தெரிந்த பிறகு புதுக் கடன் வாங்குவதும் பின்னால் நம்மைத் துரத்தும். விடுதலை கேட்கும் நேரத்தில் நீதிமன்றம் பார்க்கும் காரியங்களில் அதுவும் ஒன்று. கணக்குப் புத்தகம் வைத்திருந்தாரா, நொடித்துவிட்டோம் என்று தெரிந்த பிறகும் வியாபாரத்தை இழுத்துக்கொண்டு போனாரா, சூதாட்டம், ஆடம்பரம், கண்மூடித்தனமான ஊக வியாபாரம் இருந்ததா என்றெல்லாம் பார்ப்பார்கள். சொத்துகளின் மதிப்பு, பிணையில்லாக் கடனில் ரூபாய்க்கு எட்டணா, அதாவது 50 பைசா அளவுக்காவது வராவிட்டால், அது தன் பொறுப்பில் இல்லாத காரணங்களால் நேர்ந்தது என்று நொடித்தவர் காட்ட வேண்டும். எனக்கு அடமானமும் அடகும் போகப் பிணையில்லாக் கடன் 40 லட்சத்துக்கு மேல் இருந்தது. மனையும், பள்ளிகளிலிருந்து வர வேண்டிய மூன்றே முக்கால் லட்சமும், மிஞ்சிய சரக்கும் சேர்ந்து 14 லட்சத்தைத் தொடவில்லை. எனவே நொடிப்புக்குக் காரணம் என்ன என்பதற்கான ஆவணங்கள், கடன் பட்டியலுக்கு அடுத்தபடியாக முக்கியமாகிவிட்டன. வெள்ளம் வடிந்த அன்று மகள் கைப்பேசியில் எடுத்த படங்கள், வருவாய்த் துறையினர் சேதம் பார்த்துச் சென்றதன் தாள், 2019இலிருந்து ஒவ்வோர் ஆண்டும் விற்பனை எப்படிக் குறைந்தது என்று காட்டும் ஜி.எஸ்.டி. கணக்குகள், பள்ளிகள் ரத்து செய்த ஆர்டர் கடிதங்கள் என்று எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கினேன். நனைந்து ஒட்டிப் போன பேரேடுகளையும் தூக்கிப் போடாமல் வெயிலில் உலர்த்தி வைத்திருந்தது நல்லதாயிற்று. கணக்குப் புத்தகங்களை நீதிமன்றத்தில் ஒப்படைப்பது கடனாளியின் கடமை, இல்லை என்றால் ஏன் இல்லை என்பதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

மனு தாக்கலாகும் வரை வசூலுக்கு வருகிறவர்கள் வந்துகொண்டுதான் இருப்பார்கள். வங்கியோ நிதி நிறுவனமோ அனுப்பும் வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ அழைக்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் கட்டளை. இதை நான் அறிந்து, தேதியும் நேரமும் குறித்து நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிய பிறகு இரவு அழைப்புகள் நின்றன. தனியார் வட்டிக்காரரிடம் அந்த வழி செல்லாது. எங்கள் மாவட்டத்தில் கந்துவட்டி என்ன செய்யும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 2017 அக்டோபர் 23 அன்று கலெக்டர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்குளித்து இறந்ததை மறக்கக்கூடியவர் யாரும் நெல்லையில் இல்லை. ஜங்ஷனிலிருந்து சுலோசன முதலியார் பாலத்தைத் தாண்டி, கொக்கிரகுளத்தில் அந்த வளாகத்தைக் கடந்துதான் நான் பாளையங்கோட்டைக்குப் போவேன், ஒவ்வொரு முறையும் அந்த நினைப்பு வரும். என் புரோநோட்டுக்காரர்களில் ஒருவர் மாதம் நூற்றுக்குப் பத்து வட்டி வாங்கியவர். கந்துவட்டியைத் தடுக்க 2003ஆம் ஆண்டிலிருந்தே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இருக்கிறது. அவர் வீட்டு வாசலில் வந்து மகளின் பெயரைச் சொல்லிப் பேசிய மறுநாள் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்தேன், திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனுக் கொடுத்தேன். அவரது பெயரும் 23 பேரில் ஒன்றாக மனுவில் இருக்கிறது, அசல் இவ்வளவு, கொடுத்த வட்டி இவ்வளவு என்ற கணக்கோடு.

அந்த மாதங்களில் எனக்கு உறக்கம் இல்லை. ஒரு நாள் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்திவிட்டு வெகுநேரம் நின்றேன் என்பதை மனைவியிடம் அன்றிரவே சொல்லிவிட்டேன். அவள் மறுநாள் என்னை அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் போனாள். இதை எழுதுவதில் எனக்கு வெட்கம் இல்லை. உங்களுக்கும் அப்படி ஓர் எண்ணம் வந்தால் அந்த நிமிடமே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள், சொல்ல ஆள் இல்லை என்றால் உதவி எண்களான 104க்கோ 14416க்கோ அழையுங்கள். சிவில் கடனைக் கட்ட இயலாதவரை, இயலாமை என்ற ஒரே காரணத்துக்காகச் சிறையில் அடைக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1980இலேயே சொல்லியிருக்கிறது. பணம் இருந்தும் கொடுக்க மறுப்பவரின் நிலைதான் வேறு. இந்த ஒரு செய்தி முன்பே தெரிந்திருந்தால் எத்தனையோ இரவுகள் எனக்கு மிச்சமாகியிருக்கும்.

செலவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மனுவுக்கான கோர்ட் கட்டணம் பெரிய தொகை இல்லை. எதிர்மனுதாரர் ஒவ்வொருவருக்கும் அறிவிப்பு அனுப்பப் பேட்டா கட்ட வேண்டும், 23 பேருக்கும் நகல் எடுக்க வேண்டும், முகவரியில் பின்கோடு இல்லை என்று மனு ஒருமுறை ரிட்டர்ன் ஆகும், அறிவிப்பு போய்ச் சேராதவருக்குப் பத்திரிகை விளம்பரம் கொடுக்க நேரிடலாம். வக்கீல் கட்டணத்துக்கு வழி இல்லாதவர்கள் நீதிமன்ற வளாகத்திலேயே உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

2024 அக்டோபர் இரண்டாம் வாரம் தாக்கல் செய்த மனு, இரண்டு முறை திரும்பி, 2025 ஜனவரியில் எண் பெற்றது. இடைக்கால ரிசீவர் நியமிக்கப்பட்டார். ஒருமுறை கொடுத்த மனுவை நீதிமன்ற அனுமதி இல்லாமல் நாமாகத் திரும்பப் பெற முடியாது என்பதையும் தெரிந்துகொண்டே கையெழுத்துப் போட வேண்டும். விசாரணை நாளில் சிவகாசி வியாபாரி ஒருவரின் வக்கீல் என்னைக் குறுக்கு விசாரணை செய்தார். மனுப் போடும் முன் உறவினர் யாருக்காவது பணம் கொடுத்தீர்களா என்றுதான் முதல் கேள்வியே வந்தது. கொடுத்தேன், 50,000 ரூபாய், மனுவின் ஒன்பதாவது பத்தியில் எழுதியிருக்கிறேன் என்றேன். அவர் அந்தத் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். மனையைப் பற்றியும் அப்படித்தான்.

செப்டம்பரில் நொடிப்பு உத்தரவு ஆயிற்று, கைதிலிருந்து பாதுகாப்பு உத்தரவும் கேட்டுப் பெற்றோம். விடுதலைக்கு மனுச் செய்ய ஓராண்டு அவகாசம் கொடுத்திருக்கிறார்கள், அதைத் தவறவிட்டால் நொடிப்பு உத்தரவே ரத்தாகிவிடும் என்பதால் அந்தத் தேதியை வீட்டு நாள்காட்டியில் மகள் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறாள். அதுவரை நான் உள்ளாட்சித் தேர்தலில் நிற்க முடியாது, அது எனக்கு ஒரு பொருட்டல்ல. 50 ரூபாயோ அதற்கு மேலோ கடனாக வாங்கும்போது, நான் விடுதலை பெறாத நொடிப்பு நிலையில் இருப்பவன் என்று கொடுப்பவரிடம் சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் குற்றம். மளிகைக் கடைப் பற்றை அன்றே நிறுத்திவிட்டோம். ஒரு பாத்திரக் கடையில் கணக்கு எழுதி வாங்கும் சம்பளத்துக்குள் மாதத்தை நடத்துகிறோம்.

அத்தான் அந்த 50,000 ரூபாயை ரிசீவர் எழுதிக் கேட்கும் வரை காத்திருக்கவில்லை. அக்காளின் சங்கிலியை அடகு வைத்துக் கொண்டுபோய்க் கட்டிவிட்டு, ஒன்றரை லட்சத்துக்கும் கடன் நிரூபணப் பிரமாணம் தாக்கல் செய்துவிட்டு, ரசீதை என்னிடம் காட்ட நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். பட்டியலில் அவர் 18ஆவது பெயர். மனை விற்று வரும் பங்கில் அந்தச் சங்கிலியை மீட்க எவ்வளவு தேறும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தோம். முழுவதும் தேறாது.